ஊர் மாற்றி எழுதப்பட்ட ஆந்தை

ஹிஜ்ரி 615ஆம் ஆண்டு, கி.பி. 1218. குராஸான் நாட்டின் புகழ்பெற்ற நகராகிய மர்வில் அறிஞர்கள் கூடியிருந்த சபை ஒன்றில், நூல்களைப் படியெடுத்தும் விற்றும் வாழ்ந்துவந்த யாகூத் அல்-ஹமவீ என்பாரிடம் ஒரு வினா எழுப்பப்பட்டது. பண்டை அரபு நாட்டின் சந்தை ஒன்றின் பெயரை எவ்வாறு உச்சரிப்பது என்பதே அவ்வினா. "ஹுபாஷா" என்றார் யாகூத். சபையிலிருந்த மற்றோர் அறிஞரோ, "இல்லை, ஹபாஷா" என்று பிடிவாதமாக வாதிட்டார். ஓர் எழுத்தின் மேலிடும் சிறு குறியைப் பற்றிய வழக்குதான். ஆயினும் யாகூத் அதை அங்கேயே விட்டுவிடவில்லை. மர்வு நகரின் நூலகங்கள் பெயர் பெற்றவை. இருநூறு நூல்கள் வரை, பெரும்பாலும் ஈடு ஏதும் வாங்காமலேயே, அவர் இல்லத்துக்குக் கொடுத்தனுப்பிய தாராளம் அந்நூலகங்களுக்கு உண்டு. அத்தனையும் புரட்டியும் அவ்வமயம் அவருக்குத் தெளிவான விடை அகப்படவில்லை. ஊர்ப் பெயர்களையும் அவற்றின் இருப்பிடங்களையும் ஐயமற எடுத்துரைக்கும் நூல் ஒன்று உலகில் இல்லையே என்ற அந்த ஏக்கத்திலிருந்துதான் 'முஃஜமுல் புல்தான்' என்னும் மாபெரும் நிலவியல் அகராதி பிறந்தது.

1221இல் மங்கோலியப் படை மர்வு நகரை அழித்தது. அதற்குச் சற்று முன்னரே யாகூத் அங்கிருந்து தப்பி வெளியேறியிருந்தார். நூலகங்கள் மறைந்தன. அந்நூலகங்களிலிருந்து அவர் திரட்டிய குறிப்புகள் மட்டும் நிலைத்தன. இடத்தைப் பற்றிய செவ்விய பதிவு, அந்த இடத்தையே விஞ்சி வாழும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அதே யாகூத் மற்றொரு நூலும் எழுதினார். பெயர் ஒன்றாகவும் இடம் வேறாகவும் உள்ள ஊர்களை மட்டுமே பிரித்துக் காட்டும் நூல் அது. 'அல்-முஷ்தரிக்' என்பது அதன் சுருக்கப் பெயர். அவருக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, கஸ்னாவிலிருந்த அல்-பீரூனீ, இடங்களின் அட்சரேகை தீர்க்கரேகைகளைக் கணித்து நிறுவும் முறைகளைப் பற்றியே 1025இல் தனி நூல் ஒன்று யாத்திருந்தார். "எங்கே?" என்ற ஒரு சொல் வினாவுக்கு விடை காண, நம் முன்னோர் செலவிட்ட உழைப்பு இத்தகையது.

இவற்றை இவ்வளவு விரிவாக எடுத்துரைப்பதன் காரணம் வாசக அன்பர்களுக்கு வியப்பாக இருக்கலாம். ஏனெனில் இக்கட்டுரை நகரங்களைப் பற்றியதன்று. ஓர் ஆந்தையைப் பற்றியது. 113 ஆண்டுகள் எவர் கண்ணிலும் படாமல், அழிந்தொழிந்தது என்றே பலரும் கருதிய அந்தச் சிறு பறவையின் வரலாற்றில், ஊர்ப் பெயர் ஒன்று பொய்யாக எழுதப்பட்டதால் விளைந்த கேட்டை அறிந்தால், யாகூத் ஏன் ஓர் உயிர்க்குறிக்காக அலைந்தார் என்பது தானே விளங்கும்.

ஏழு தோல்கள்

1872ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். இன்றைய சத்தீஸ்கர் மாநிலத்தின் கிழக்குப் பகுதியில், பூல்ஜர் காட்டுச் சீமையில், பிளெவிட் என்னும் ஆங்கில அதிகாரி சிறிய ஆந்தை ஒன்றைச் சுட்டு, பாடம் செய்து, ஆலன் ஆக்டேவியன் ஹியூமுக்கு அனுப்பினார். 1885இல் காங்கிரஸ் மகாசபையைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவராக நம் நாட்டு வரலாறு அறிந்த அதே ஹியூம்தான். அரசுப் பணியிலிருந்தபோது அவர் பறவைகளைப் பற்றித் திரட்டிய செல்வம் மிகப் பெரிது. வந்தது இதுவரை எவரும் விவரிக்காத புதிய இனம் என்று கண்ட அவர், 1873இல் அனுப்பியவர் பெயராலேயே அதற்கு அறிவியற் பெயர் சூட்டினார். தமிழில் அதைக் காட்டுச் சிற்றாந்தை எனலாம். நம் ஊர்ப் புறங்களில் மரப்பொந்துகளிலிருந்து எட்டிப் பார்க்கும் புள்ளி ஆந்தைக்கு உருவத்தில் நெருங்கியது. ஆனால் தலையிலும் முதுகிலும் புள்ளிகள் மங்கியிருக்கும். கால்களும் அலகும் தடித்திருக்கும்.

1872 முதல் 1884 வரை இவ்வினத்தில் ஏழு பறவைகள் பிடிபட்டுப் பாடம் செய்யப்பட்டன. கிழக்கே சத்தீஸ்கர், ஒரிஸ்ஸாப் பகுதிகளிலிருந்து சில வந்தன. மேற்கே கான்தேசத்தில், இன்றைய மகாராஷ்டிரத்தின் ஷஹாதா, தலோதா வட்டாரத்தில், ஜேம்ஸ் டேவிட்சன் என்னும் அதிகாரி சிலவற்றைச் சேகரித்தார். அதன் பின்னர் அமைதி. ஆண்டுகள் உருண்டன, ஆந்தை எவர் கண்ணுக்கும் தென்படவில்லை.

அந்நாளில் காமிராவுக்கு வாய்ப்பில்லை; ஒலிப்பதிவுக் கருவியும் இல்லை. பறவை வாழ்ந்தது என்பதற்குத் தோலே சான்று. எங்கு வாழ்ந்தது என்பதற்கு அத்தோலின் காலில் நூலால் கட்டப்பட்ட சிறு பெயர்ச்சீட்டே சான்று. பிடித்த நாள், பிடித்த இடம், பிடித்தவர் பெயர் ஆகிய இம்மூன்றும் அதில் இருக்கும். தோல் பொய் சொல்லாது. சீட்டைப் பொறுத்தவரை, அதை எழுதிய கை உண்மை சொன்னால்தான் உண்டு.

எட்டாவது தோல்

ஏழுக்கு மேல் எட்டாவதாக ஒரு தோலும் இருந்தது. 1914இல் குஜராத்தின் தபதி நதிக் கரையிலுள்ள மாண்ட்வியில் பிடிக்கப்பட்டது என்று அதன் சீட்டு உரைத்தது. அதற்கு உரியவர் கர்னல் ரிச்சர்ட் மைனர்ட்ஸ்ஹாகன். ஆங்கிலப் படைத்துறை அதிகாரி, உளவுத்துறையிலும் பெயர் பெற்றவர், பறவையியலில் பெரும் புள்ளி எனப் போற்றப்பட்டவர். 1954இல் ஏறத்தாழ இருபதாயிரம் பறவைத் தோல்களை அவர் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு நன்கொடையாக அளித்தார். 1967இல் மறைந்தார்.

1884க்குப் பின்னும் முப்பது ஆண்டு கழித்து இந்த ஆந்தை உயிரோடிருந்தது, அதுவும் மாண்ட்வியில் இருந்தது என்பதற்கு இத்தோல் ஒன்றே ஆதாரம். எனவே பிற்காலத்தில் இவ்வினத்தைத் தேடப் புறப்பட்டவர்களின் கணக்கில் மாண்ட்விக்கு முதன்மை வந்து சேர்ந்தது. நம் நாட்டுப் பறவையியலின் தந்தை எனத் தக்க டாக்டர் ஸாலிம் அலியும், அவருடன் இணைந்து 1968 முதல் 1974 வரை பத்துத் தொகுதிகளாக இந்திய, பாகிஸ்தானியப் பறவைகளின் பெருநூலை வெளியிட்ட டில்லன் ரிப்லியும் 1970களில் இந்த ஆந்தையைத் தேடினர்; காணவில்லை. 1968இல் எடுக்கப்பட்டதாகக் கூறப்பட்ட புகைப்படங்களும் பின்னர் ஆய்ந்தபோது சாதாரணப் புள்ளி ஆந்தையுடையவை என்றே தெளிவாயிற்று.

ஸாலிம் அலி மைனர்ட்ஸ்ஹாகனை நேரில் அறிந்தவர். 1937இல் ஆப்கானிஸ்தானத்துக்கு இருவரும் சேர்ந்தே பறவை ஆராயச் சென்றனர். அப்பயணத்தின்போது தம் நாட்குறிப்பில் அந்த ஆங்கிலேயர் ஸாலிம் அலியையும் இந்தியர்களையும் இழித்து எழுதிவைத்தார். பல்லாண்டுகள் கழித்து அவ்வரிகளைக் கண்ட ஸாலிம் அலி, அவற்றை மறைக்காமல் 1985இல் வெளிவந்த தம் சுயசரிதையிலேயே எடுத்துப் பதித்தார். தம்மைப் பற்றிய வசையைக் கூட மாற்றாமல் பதிந்தவர் ஒருவர்; தாம் பிடிக்காத பறவைக்குத் தாமே ஊர் எழுதியவர் மற்றவர். வரலாறு இவ்விருவரையும் ஒரே கூடாரத்தில் தங்க வைத்தது விந்தையே.

சீட்டை விசாரித்தவர்கள்

மைனர்ட்ஸ்ஹாகன் மீது ஐயம் இல்லாமலில்லை. 1919லேயே, அனுமதியின்றிப் பறவைகளை எடுத்துச் சென்றதாக, அருங்காட்சியகத்தின் பறவை அறைக்குள் அவர் நுழைய ஒன்றரை ஆண்டு தடை விதிக்கப்பட்டிருந்தது. ஆயினும் பெரிய மனிதர் என்ற மதிப்பு அந்த ஐயத்தை மூடிவிட்டது. 1993இல் ஆலன் நாக்ஸ் என்னும் ஆய்வாளர், அவருடைய சேகரத்திலிருந்த சில சிறு பறவைகளின் சீட்டுகள் பொய்யானவை என்று எழுதினார். அப்போதுதான் கதவு திறந்தது.

அமெரிக்க ஆய்வாளர் பமேலா ராஸ்முஸனும், பிரிட்டிஷ் ஆய்வாளர் நைஜல் காலரும் 1990களில் அந்த எட்டாவது ஆந்தையைக் கையிலெடுத்தனர். பறவையைப் பாடம் செய்வதில் ஒவ்வொருவருக்கும் ஒரு கைப்பாங்கு உண்டு. தையற்காரர் தையலைப் போல. எந்த எலும்பை விட்டுவைப்பது, எங்கே கீறுவது, எதை வைத்து அடைப்பது என்பதில் அவரவர் வழக்கம் மாறாது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில், 1914க்கு உரியதாகச் சொல்லப்பட்ட தோலில் டேவிட்சனின் கைப்பாங்கு தெரிந்தது. உள்ளிருந்த பழைய அடைப்பை அகற்றிப் புதிதாக அடைத்து, தையலையும் மாற்றி, புதிய சீட்டைக் கட்டியிருந்தனர். அதாவது, 1880களில் கான்தேசத்தில் டேவிட்சன் பிடித்து, அருங்காட்சியகத்தில் சேர்ந்திருந்த ஆந்தையே திருடப்பட்டு, ஊரும் ஆண்டும் மாற்றி எழுதப்பட்டு, நன்கொடை என்ற பெயரில் அதே அருங்காட்சியகத்துக்குத் திரும்பி வந்திருந்தது! இந்த ஆய்வின் முழு விவரம் 1999இல் வெளியாயிற்று.

ஒரு செய்தியை ஏற்குமுன் அதைச் சொன்னவர் யார், எவரிடம் கேட்டார், அங்கே இருந்தாரா என்று விசாரிப்பது அரபுக் கலாசாலைகளில் பயின்ற எவர்க்கும் பழகிய பாடம். உரை அழகாக இருப்பினும் உரைத்தவர் நம்பகமற்றவராயின் அது ஒதுக்கப்படும். ராஸ்முஸனும் காலரும் செய்தது அதுவே. அவர்கள் விசாரித்தது ஒரு சீட்டை.

பொய் நீங்கியதும் வழி தெளிந்தது. மாண்ட்வியைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு, மெய்யான ஏழு தோல்களின் சீட்டுகளில் உள்ள ஊர்களையே நம்பி ராஸ்முஸனும், பென் கிங், டேவிட் அபட் ஆகியோரும் 1997 நவம்பரில் புறப்பட்டனர். முதலில் கிழக்குப் பகுதியில் தேடினர், பயனில்லை. பின்னர் ஷஹாதாவுக்கு வந்தனர். நவம்பர் 25ஆம் நாள் காலை, பட்டப்பகல் வெளிச்சத்தில், இலையுதிர்ந்த மரமொன்றில் அந்த ஆந்தை அமர்ந்திருந்தது. டேவிட்சன் சீட்டில் எழுதிய அதே வட்டாரம். 113 ஆண்டுகளுக்கு முன் ஓர் அரசு ஊழியர் தம் கையால் உண்மையாக எழுதிவைத்த ஓர் ஊர்ப் பெயர், அத்தனை காலமும் காத்திருந்து, உரியவர்களை உரிய இடத்துக்கு அழைத்து வந்தது.

ஷஹாதாவுக்கும் மாண்ட்விக்கும் நேர்கோட்டில் ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவு. வரைபடத்தில் இரு விரற்கிடை. ஆனால் அந்த இரு விரற்கிடைக்குள் எத்தனை காடு வெட்டப்பட்டு வயலாயிற்று! ஆந்தை இருக்குமிடம் தெரிந்திருந்தால், பல்லாண்டுகளுக்கு முன்பே அக்காட்டுக்காகப் பேச ஒரு காரணம் கிடைத்திருக்கும். ஊர் பொய்த்ததால் இழந்த காலத்தை எவர் மீட்டுத் தருவார்?

1997க்குப் பின் அதன் குரலும் வாழிடமும் பகலில் இரை தேடும் வழக்கமும் தெரிந்துவிட்டமையால், மேல்காட் புலிகள் காப்பகத்திலும், 2014இல் மும்பைக்கு அருகே தான்சாவிலும், குஜராத்தின் டாங்ஸ் மாவட்டத்துப் பூர்ணா சரணாலயத்திலும் அது அறியப்பட்டது. பூர்ணா மாண்ட்விக்கு வெகு தொலைவன்று. "அப்படியாயின் மைனர்ட்ஸ்ஹாகன் எழுதியது முற்றும் தவறன்றே?" என்று ஒருவர் வினவலாம். தவறுதான். குருடன் எறிந்த கல் மாங்காயில் பட்டால் அவனைக் குறி பார்ப்பவன் என்று எவரும் கூறுவதில்லை. தாம் காணாத இடத்தில் கண்டதாக எழுதியவரின் சொல், தற்செயலாக உண்மைக்கு அருகே விழுந்தாலும் சாட்சியமாகாது. ராஸ்முஸன் 2005இல் வெளியிட்ட தெற்காசியப் பறவை நூலில் மைனர்ட்ஸ்ஹாகனின் பதிவுகளைச் சான்றாகக் கொள்ளாமல் ஒதுக்கியதும் இதனாலேயே. அவற்றுள் மெய்யானவையும் இருந்திருக்கும். ஆனால் பொய்யிலிருந்து அவற்றைப் பிரித்தெடுக்க இயலாது போயிற்று. ஒரு பொய், அதனுடன் இருந்த நூறு மெய்களையும் பயனற்றவையாக்கிற்று.

இன்றைய பெயர்ச்சீட்டு

இன்று பறவையைச் சுட்டுச் சீட்டுக் கட்டுவார் இல்லை. கண்டதை எழுதிப் பொதுப் பதிவேட்டில் சேர்க்கின்றனர். 2002இல் அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபன் சங்கமும் தொடங்கிய ஈபேர்ட் என்னும் பதிவேடு, 2010 முதல் உலகம் முழுவதற்கும் விரிந்தது. 2021இல் அதில் சேர்ந்த பதிவுகள் நூறு கோடியைத் தாண்டின. நம் நாட்டில் ஏறத்தாழ முப்பதாயிரம் பேர் இட்ட மூன்று கோடிப் பதிவுகளை ஆய்ந்தே, 2023இல் 942 பறவையினங்களின் நிலை பற்றிய அறிக்கை வெளியாயிற்று. எந்த இனம் குறைகிறது, எதைக் காக்க வேண்டும் என்று அரசுக்கும் மக்களுக்கும் எடுத்துரைப்பது இன்று இப்பதிவுகளே. ஆசிரியரும் மாணவரும் வணிகரும் இல்லத்தரசியும் இதில் எழுதுகின்றனர். அன்று டேவிட்சன் கையிலிருந்த பேனா இன்று நம் வீட்டுப் பிள்ளைகளின் கைபேசியில் இருக்கிறது.

என்னிடம் பயின்ற இளைஞர் ஒருவர் பறவை காண்பதில் ஆர்வம் மிக்கவர். ஒருநாள் தம் பதிவுகளை எனக்குக் காட்டினார். எங்கள் தெருவின் பெயருக்குக் கீழே முந்நூறு பூநாரைகள் எனக் கண்டு திகைத்தேன். தண்ணீருக்கே குழாயடியில் காத்திருக்கும் எங்கள் தெருவில் பூநாரைக்கு என்ன வேலை? கேட்டதில், அவர் கோடிக்கரையில் அவற்றைக் கண்டுவிட்டு, இரவு வீட்டுக்கு வந்து எழுதியிருக்கிறார். கைபேசி தான் இருந்த இடத்தையே இடமாகக் குறித்துக்கொண்டது. அவர் சொன்னதில் பொய் ஏதுமில்லை. பறவை மெய், எண்ணிக்கை மெய், நாளும் மெய். ஊர் மட்டும் மாறிவிட்டது. அவர் முகம் வாடிற்று. அன்றே திருத்திவிட்டார்.

இத்தகைய பிழைகள் பலவகை. நாள் முழுதும் நான்கு ஊர்களில் கண்டவற்றை ஒரே ஊரின் பெயரால் எழுதுவது ஒன்று. குளக்கரையைக் குறிக்காமல் மாவட்டத் தலைநகரைக் குறிப்பது மற்றொன்று. ஒரே பெயருடைய ஊர்களை மயங்குவது இன்னொன்று. நாம் மேலே கண்ட மாண்ட்வியையே எடுத்துக்கொள்வோம். தபதிக் கரையில் ஒரு மாண்ட்வி. கட்ச் கடற்கரையில் துறைமுகமாக மற்றொரு மாண்ட்வி. யாகூத் இன்றிருந்தால் தம் 'முஷ்தரிக்' நூலில் இரண்டையும் சேர்த்திருப்பார்! அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் இடம் மாற்றி எழுதுவோரும் உண்டு. ஷஹாதாவின் அட்சரேகை ஏறத்தாழ 21.5, தீர்க்கரேகை 74.5. இவ்விரண்டையும் மாற்றி எழுதினால் நம் ஆந்தை நார்வே நாட்டுக்கும் வடக்கே, குளிர்ந்த கடலின் நடுவே போய் விழும்.

அட்சரேகையில் ஒரு பாகை என்பது சுமார் 111 கிலோமீட்டர். புள்ளிக்குப் பின் ஓரிலக்கம் எழுதினால் பிழை 11 கிலோமீட்டர் அளவில் நிற்கும். ஈரிலக்கம் எழுதினால் ஒன்றேகால் கிலோமீட்டருக்குள். நான்கிலக்கம் எழுதினால் சுமார் 11 மீட்டர், ஒரு வீட்டு முற்றம். இன்றைய ஆய்வாளர் அப்புள்ளியைச் சுற்றியுள்ள நிலம் காடா, வயலா, நீர்நிலையா என்று செயற்கைக்கோள் படத்தில் பார்த்தே பறவையின் வாழிடத்தை அறிகின்றனர். புள்ளி ஐந்து கிலோமீட்டர் தள்ளிப்போனால், காட்டுப் பறவைக்குக் கரும்பு வயல் வாழிடமாகிவிடும்.

மறைப்பதும் மாற்றுவதும்

ஈண்டு ஓர் ஐயம் எழுவது இயல்பு. அரிய பறவையின் இருப்பிடத்தைத் துல்லியமாக உலகறிய எழுதினால், பிடிப்போர்க்கும் அது வழிகாட்டியாகிவிடாதா? ஐயம் நியாயமானதே. நம் நாட்டில் மாந்திரீகத்துக்காக ஆந்தைகள் பிடித்து விற்கப்படுவதை டிராஃபிக் இந்தியா அமைப்பின் 2010ஆம் ஆண்டு அறிக்கை விரிவாக எடுத்துக்காட்டியது. இதற்கு அஞ்சிச் சிலர், நல்லெண்ணத்துடனேயே, வேறோர் ஊரை எழுதிவிடுகின்றனர். அது கூடாது. மறைப்பது வேறு; மாற்றுவது வேறு. ஆபத்துக்குள்ளாகும் இனங்களுக்கென ஈபேர்ட் 2017இல் ஓர் ஏற்பாடு செய்தது: சரியான இடம் பதிவேட்டில் அப்படியே இருக்கும், பொதுமக்கள் கண்ணுக்கோ இருபது கிலோமீட்டர் நீள அகலமுள்ள ஒரு கட்டம் மட்டுமே தெரியும். அமானிதமாக ஒப்படைத்த பொருளைப் பூட்டி வைப்பது போன்றது இது. பூட்டி வைத்த பொருளை நாளை உரியவர் திறந்து பார்க்கலாம். மாற்றி வைத்த பொருளை எங்கே போய்த் தேடுவது?

எனவே பறவை காணும் பிள்ளைகள் நம் இல்லங்களில் இருப்பின், அவர்களைத் தடுக்க வேண்டா; ஒன்று மட்டும் சொல்லி அனுப்புவோம். கண்ட இடத்திலேயே நின்று எழுதுங்கள். ஊர் மாறினால் பதிவையும் புதிதாகத் தொடங்குங்கள். இடம் ஐயமாயின் ஐயம் என்றே எழுதுங்கள். அதற்கு வெட்கப்பட வேண்டுவதில்லை. பிழை தெரிந்தால் அன்றே திருத்துங்கள்.

டேவிட்சனை இன்று அறிந்தவர் மிகச் சிலர். மைனர்ட்ஸ்ஹாகனின் பெயரோ வாழ்நாளில் ஐரோப்பா முழுதும் ஒலித்தது. ஆயினும் 1997 நவம்பரில் ஷஹாதாவின் இலையுதிர்ந்த மரத்தடிக்கு அறிஞர்களைக் கொண்டு சேர்த்தது, அந்த அறியப்படாத மனிதர் ஒரு மாலைப் பொழுதில் சிறு சீட்டொன்றில் பிழையின்றி எழுதிவைத்த ஊர்ப் பெயரே.